ஒற்றைச் சொல்லில் தேடக் கூடாது

மணலூற்றுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு டேப்லெட்டுகள் வந்து இறங்கிய ஆனி மாதத்தில், ஒன்பதாம் வகுப்பு லீடர் அதில் முதன்முதலாகத் ‘தண்ணீர்’ என்று தட்டிய நொடியில், ஊரில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் விக்கல் எடுத்தது. டீக்கடையில் கிளாசை வாய்க்குக் கொண்டுபோனவருக்கும், பெருமாள் கோயிலில் தீபாராதனைத் தட்டைப் பிடித்திருந்த பட்டருக்கும், பள்ளிவாசல் படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவருக்கும், பேங்க் மேனேஜருக்கும், அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த கேஷியருக்கும், பிறந்து பெயர்கூட வைக்காத பிள்ளைகளுக்கும் ‘ஹிக்’ என்று ஒரே தாளத்தில் வந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருத்தருக்கு விக்கல் வந்தால் யாரோ அவரை நினைக்கிறார்கள் என்று அர்த்தம். ஊருக்கே வந்தால் ஊரையே யாரோ நினைக்கிறார்கள் என்று அர்த்தம். வெளிநாட்டுக்குப் போன நம் பையன்களுக்கெல்லாம் இன்றைக்கு ஒரே நேரத்தில் லீவு விட்டுவிட்டார்கள்போல என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் லீடருக்குத் தண்ணீர் மறந்துபோனது, ஊருக்கு விக்கல் நின்றுபோனது.

டேப்லெட்டுகளைக் கட்டி மேய்க்கிற வேலை ஜெசிந்தா டீச்சர் தலையில் விழுந்திருந்தது. குளச்சல் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவள், சமூக அறிவியல் எடுப்பவள், பள்ளியிலேயே வயதில் சின்னவள். “உனக்குத்தாம்மா இதெல்லாம் பழக்கம்” என்று ஹெச்.எம். சாவியைக் கொடுத்தபோது அவள் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள், ஏனென்றால் அவளுக்கு ஒரு மனக்குறை இருந்தது. புராஜெக்ட் என்று கொடுத்தால் பிள்ளைகள் பிரவுசிங் சென்டருக்குப் போய், முதலில் வருகிற பக்கத்தை அப்படியே பார்த்து எழுதி, கீழே இருக்கிற விளம்பரத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டு வந்தார்கள். ‘நீர் மாசுபாடு’ பற்றி எழுதிய ஒருத்தி, ‘இன்றே ஆர்டர் செய்யுங்கள், டெலிவரி இலவசம்’ என்று அழகான கையெழுத்தில் முடித்திருந்தாள்.

அதனால் ஜெசிந்தா கரும்பலகையின் ஓரத்தில், யாரும் அழிக்கக் கூடாது என்று கோடு போட்டு, மூன்று கேள்விகளை எழுதி வைத்தாள். யார் சொன்னது? எப்போது சொன்னது? அவர்களுக்கு அது எப்படித் தெரியும்? “ஒரு ஆள் சொன்னதை வச்சு எழுதாதீங்க பிள்ளைகளா. தனியா இன்னொருத்தரும் அதையே சொன்னா யோசிங்க. மூணாவது ஆளையும் கேட்டுட்டு அப்புறம் பேனாவை எடுங்க” என்றாள். பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு ‘மழை’ என்று தட்டினார்கள், ‘சோறு’ என்று தட்டினார்கள், ‘பேய்’ என்று தட்டினார்கள், ஊர் விக்கி விக்கிக் களைத்தது.

விஷயம் வெளியே வந்தது சுபிக்ஷாவால். சுபிக்ஷா ஒல்லியான பெண், எதையும் அடிவரைக்கும் படிக்கிறவள், பிஸ்கட் பாக்கெட்டில் பொடி எழுத்தில் இருப்பதைக்கூட விடமாட்டாள். அப்பா குணசேகரன் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருந்தார். அம்மா மஸ்கட்டில் வேலை பார்க்கிறாள் என்று அவளுக்கு நினைவு தெரிந்த நாளாகச் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் அவள், ‘பரோட்டா மாவை விசிறி அடித்தால் மட்டும் ஏன் அடுக்கு வருகிறது’ என்று தட்டினாள். டேப்லெட்டில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மணலூற்றில் எப்போதும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதே நேரம் பள்ளிக்கு எதிரே பரோட்டாக் கடை சிக்கந்தர் மாஸ்டருக்கு விக்கல் பிடித்தது. தண்ணீர் குடித்தார், சீனியை அள்ளி வாயில் போட்டார், கடைப்பையன்கள் பின்னால் வந்து டப்பாவைத் தட்டிப் பயமுறுத்தினார்கள், எதற்கும் நிற்கவில்லை. விசிறுகிற ஒவ்வொரு மாவும் விக்கலில் எகிறி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் போய் மூடிக்கொண்டது.

மத்தியானம் ஜெசிந்தா சால்னா வாங்க அங்கே போயிருந்தாள். பின்னாலேயே ஓடி வந்த சுபிக்ஷா, “மாமா, மாவை ஏன் விசிறணும்?” என்று கேட்டாள்.

“அதுவா, ஹிக், மெல்லிசாக்கத்தாம்மா. மெல்லிசா இழுத்து, எண்ணெயத் தடவி, சுருட்டி வச்சோம்னா ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டாது. கல்லுல சூடு பட்டதும் ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பிரியும்” என்று சொல்லி முடித்த சிக்கந்தர், அடுத்த விக்கலுக்காக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அது வரவில்லை. அவர் சுபிக்ஷாவைப் பார்த்தார், சுபிக்ஷா ஜெசிந்தாவைப் பார்த்தாள், ஜெசிந்தா கையிலிருந்த சால்னா பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு அவள் சால்னாவை அங்கேயே மறந்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினாள்.

அந்த வாரம் முழுக்க அவள் சோதித்துப் பார்த்தாள். பள்ளியில் ஒருத்தி ஒரு கேள்வியைத் தட்டினால், ஊரில் யாருக்கெல்லாம் பதில் தெரியுமோ அவர்களுக்கெல்லாம் விக்கல் வந்தது. தெரிந்ததை அவளிடமே சொன்னால் நின்றது. அவளுக்கே கேள்வி மறந்துபோனாலும் நின்றது. ஏன் இப்படி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மலைமேல் இருக்கிற டவர் காற்றில் சாய்ந்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள், இந்த வருஷம் வெயில் அதிகம் என்று பஞ்சாயத்துத் தலைவர் உடையப்பன் சொன்னார், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஏன் வருகிறது என்பதைவிட, வந்தால் என்ன செய்வது என்பதே மணலூற்றுக்காரர்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

முதலில் ஹோட்டல்காரர்கள் வாசலில் தண்ணீர்ப் பானை வைத்தார்கள். பிறகு, விக்கல் எடுத்தவர்கள் நேராகப் பள்ளிக்கூட கேட்டில் வந்து வரிசையில் நின்று, “எந்தப் புள்ள கேட்டுச்சு? சொல்லிட்டுப் போயிடுறேன், மாட்டுக்குத் தண்ணி காட்டணும்” என்று அவசரப்பட்டார்கள். ஆற்றுப்பாலம் எப்போது கட்டினது என்று ஒருத்தி கேட்க, இணையத்தில் ஒரு வருஷமும் பாலத்துக் கல்வெட்டில் இன்னொரு வருஷமும் இருக்க, விக்கிக்கொண்டு வந்த இரண்டு பெரியவர்கள் கேட்டிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் இரண்டுமே சரி, முதலில் கட்டினது வெள்ளத்தில் போய்விட்டது, கல் மட்டும் அதே கல் என்று ரிட்டையர்டு ஓவர்சியர் வந்து சொல்ல, மூன்று பேருக்கும் ஒன்றாக விக்கல் நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தப் பெண் மூன்று பேரின் பெயரையும் கட்டுரைக்கு அடியில் எழுதினாள், மூன்று பேரும் அந்தக் கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்துக் கடைகளில் ஒட்டினார்கள்.

அதன்பிறகு விக்கல் ஒரு கௌரவம் ஆகிவிட்டது. “நேத்து ஒரே நாள்ல எத்தனை தடவ வந்துச்சுங்கிற!” என்று பேங்க் மேனேஜர் அலுத்துக்கொள்கிற மாதிரி பெருமையடித்தார். பெண் பார்க்கப் போன இடத்தில், “பொண்ணுக்கு அடிக்கடி விக்கல் வரும்” என்று தரகர் குரலைத் தாழ்த்திச் சொல்ல, மாப்பிள்ளை வீட்டார் உடனே தட்டை மாற்றிக்கொண்டார்கள். தனக்கு இதுவரை ஒன்றுகூட வரவில்லை என்று ஏங்கிப்போன டெய்லர் ஒருவர், வகுப்புக்கே கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்து, “பட்டனுக்குக் காஜா எடுக்குறதப் பத்திக் கேளுங்கம்மா, எதையாவது கேளுங்க” என்று கெஞ்சினார். பொய் விக்கல் எடுத்தவர்களும் உண்டு. பிள்ளைகள் மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேட்க, மூன்றாவதில் அவர்கள் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார்கள்.

தொல்லை என்றால் பொத்தாம்பொதுவான கேள்விகள்தான். ‘கல்யாணம்’ என்று ஒருத்தி தட்டிய அன்று சந்தையில் ஒரு தராசு முள்கூட நேராக நிற்கவில்லை. பஞ்சாயத்து கூடி, ‘ஒற்றைச் சொல்லில் தேடக் கூடாது’ என்று தீர்மானம் போட்டது. குணசேகரன் அதைப் பச்சையும் சிவப்புமாக ஃப்ளெக்ஸ் அடித்து, தலைவர் உடையப்பன் கும்பிடுகிற படத்தோடு ஊர் எல்லையில் கட்டினார். உடையப்பன் அவருக்கு அண்ணன். அப்போதிலிருந்து ஊரே தேடக் கற்றுக்கொண்டது. ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பெண்கள்கூடப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, “சும்மா கண்மாய்னு போடாத தாயி. எந்தக் கண்மாய், எந்த மடை, எந்த வருஷம்னு போடு. இல்லாட்டி எல்லாருக்கும் வந்துரும்” என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஜெசிந்தா அதைக் கேட்டுக்கொண்டே நடந்துபோவாள். பி.எட். படித்தபோது இப்படி ஒரு வகுப்பறை கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். இப்போதும் தெருவில் போகும்போது அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டுதான் வந்தது.

தலைவர் உடையப்பனின் மகள் தேன்மொழிக்குத் தை மாதத்தில் கல்யாணம் வைத்தார்கள். பள்ளிக்கு அடுத்த சுவர் கல்யாண மண்டபம். ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது. பள்ளிக்கு அரை நாள் லீவு. பிள்ளைகள் யாரும் அன்றைக்கு எதையும் தேடக் கூடாது என்று ஜெசிந்தா முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். கெட்டிமேளம் என்று யாரோ கத்தினார்கள். அப்போது நாதஸ்வரக்காரர் ‘ஹிக்’ என்றார், நாதஸ்வரம் யானை தும்மியதுபோல ஒரு சத்தம் போட்டது, ஐயர் மந்திரத்தை நடுவில் விழுங்கினார், அட்சதையைத் தூக்கிய கைகளெல்லாம் ஒன்றாகக் குலுங்க, மஞ்சள் அரிசி மழையாக மேலே போய் அவரவர் தலையிலேயே விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் வெளியூர் என்பதால் அவர்களுக்கு ஒன்றுமில்லை. அவர்கள் முதலில் திகைத்து, பிறகு அடக்க முடியாமல் சிரிக்கத் தொடங்கினார்கள். மூன்றாவது வரிசையில் ஜெசிந்தா நெஞ்சில் கை வைத்தாள். அவளுக்கும் வந்திருந்தது.

‘எவளோ ஒற்றைச் சொல்லில் தட்டிவிட்டாள்’ என்று கோபமாக எழுந்து, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் விக்கியபடியே பள்ளிக்கு ஓடினாள். டேப்லெட் அறைச் சாவியை வைத்திருப்பது அந்த வாரம் சுபிக்ஷாவின் முறை. புதுப் பாவாடை தாவணியோடு, தலை நிறைய மல்லிகைப்பூவோடு, சுபிக்ஷா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“இன்னைக்குப் போய் என்னடி தட்டுன? ஹிக். ஒத்த வார்த்தையில தேடாதன்னு...”

“ஒத்த வார்த்தை இல்ல டீச்சர். பாருங்க.”

திரையில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் இப்படி இருந்தது: ‘தமயந்தி, கணவர் பெயர் குணசேகரன், சொந்த ஊர் மணலூற்று. மஸ்கட்டில் இல்லை. இப்போது எங்கே இருக்கிறார்?’

“மஸ்கட்ல இல்லைன்னு உனக்கு யார் சொன்னது?” என்று ஜெசிந்தா பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

“இந்தத் துணிதான் சொல்லுச்சு டீச்சர்.” சுபிக்ஷா பாவாடையின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ‘ஸ்ரீவள்ளி டெக்ஸ், திருக்கோளம். எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.’ “தேன்மொழி அக்கா கல்யாணத்துக்குன்னு அம்மா மஸ்கட்லருந்து அனுப்புச்சாம். நெட்டுல அந்தக் கடையோட பக்கத்தைப் போய்ப் பாத்தேன். கடைக்காரங்களே இந்த டிசைனைப் போட்டோ போட்டிருக்காங்க, தை மாசத்துக்குப் புதுசா வந்துருக்குன்னு. மஸ்கட்டுல வாங்குன துணிக்குத் திருக்கோளத்துக்காரங்க ஏன் டீச்சர் லேபிள் தைக்கணும்?”

திருக்கோளம் பஸ்ஸில் ஏறினால் தூங்குவதற்குள் வந்துவிடுகிற பக்கத்து டவுன். சுவருக்கு அந்தப் பக்கம் மண்டபம் மொத்தமும் விக்கிக்கொண்டிருப்பது அலை அடிக்கிற மாதிரி கேட்டது.

“ஊருக்கே வருதா டீச்சர்?”

“ஆமா.”

“பேரு போட்டேன், ஊர் போட்டேன், எல்லாம் சரியாத்தானே போட்டேன். இவ்வளவு சரியாக் கேட்டும் ஊருக்கே வருதுன்னா...” சுபிக்ஷா ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தாள். “உங்களுக்குமா டீச்சர்?”

ஜெசிந்தாவுக்கும்தான். இந்த ஊருக்கு வந்த புதிதில் தெருநாய் கடித்து, திருக்கோளம் அரசு ஆஸ்பத்திரிக்கு அவள் ஊசி போடப் போனாள். வலிக்காமல் போட்ட நர்ஸ், மணலூற்றுப் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று கேட்டதும் பஞ்சை எடுக்க மறந்து அப்படியே நின்றாள். “ஒன்பதாங்கிளாசுக்கு வருவாளே, சுபிக்ஷான்னு. நல்லாப் படிக்கிறாளா டீச்சர்? இன்னும் நகத்தைக் கடிக்கிறாளா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, நான்தான் அவள் அம்மா, யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் பிள்ளைக்குத்தான் கஷ்டம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர்கள் விஷயம் என்று ஜெசிந்தாவும் பேசாமல் இருந்துவிட்டாள். மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதியபோதும் பேசாமல்தான் இருந்தாள். வேறு யாருக்கும் தெரியாது, தனக்கு மட்டுமே தெரியும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் சுபிக்ஷாவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அத்தனையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது விக்கல் நின்றிருந்தது, கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

“நான் சொல்லியிருக்கணும். சொல்லலை. மன்னிச்சிரு சுபி.”

சுபிக்ஷா நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, “ஒரு ஆள் சொன்னது மட்டும் போதாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க” என்றாள். சொல்லிவிட்டு மண்டபத்துக்கு நடந்தாள். ஜெசிந்தா பின்னாலேயே ஓடினாள்.

மணமேடையில் ஏறி, மைக்கை வாங்கி, நடுங்காத குரலில் சுபிக்ஷா கேட்டாள்: “எங்க அம்மா எங்க இருக்குன்னு உங்கள்ல யாருக்குத் தெரியும்?”

மண்டபம் முழுவதும் ஒரே விக்கலாக ‘ஹிக்’ என்றது. அப்போதுதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். “உனக்குமா?” “உங்களுக்குமா?” என்று கணவன் மனைவியைக் கேட்டான், மாமியார் மருமகளைக் கேட்டாள், பட்டர் பேங்க் மேனேஜரைக் கேட்டார். தமயந்தி எங்கே என்பது தனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று ஒவ்வொருத்தரும் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தது ஊர் முழுக்கத் தெரிந்த ஒன்று என்பது அந்த நொடியில் வெளியானது. முதலில் ஒரு சங்கடம் வந்தது, பிறகு யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பிறகு அழுகையும் சிரிப்பும் விக்கலும் கலந்து மண்டபமே ஆடியது.

சிக்கந்தர்தான் முதலில் மேடைக்கு வந்தார். “எண்ணெய் கொட்டிக் கையைச் சுட்டுக்கிட்டேன்ல, அப்போ உங்க அம்மாதான் திருக்கோளத்துல கட்டுப் போட்டுச்சு. என் கடைக்கு நீ வருவியான்னு கேட்டுச்சு. உனக்கு ரெண்டு சால்னா சேத்து ஊத்தச் சொல்லுச்சு. நானும் ஊத்திக்கிட்டுத்தாம்மா இருக்கேன்” என்றார். அவருக்கு நின்றது. பின்னால் ஊரே வரிசை கட்டியது. டேப்லெட்டை மடியில் வைத்து, பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்து, சுபிக்ஷா ஒவ்வொருத்தரையும் கேட்டாள். “மெட்ராஸ்ல ஒரு டாக்டரைக் கட்டிக்கிட்டான்னு பேச்சு” என்று ஒருத்தர் சொல்ல, அவருக்கு விக்கல் இரட்டிப்பானது.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சொல்லிக்கிட்டாங்க.”

“அது வேணாம் சித்தப்பா. நீங்க பாத்ததைச் சொல்லுங்க.”

“எனக்கு ஈறு வீங்கிக் கிடந்துச்சு. அவதான் ஊசி போட்டா. உன் ரேங்க் என்னன்னு கேட்டா” என்றார், நின்றது. டெய்லர் வந்தார், சொல்ல ஒன்று இருக்கிற ஆனந்தத்தில் வேண்டுமென்றே மெதுவாகச் சொன்னார். கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள். விக்குகிற பிள்ளையைத் தூக்கிக் காட்டி, “பேச்சு வராத இவனுக்கும் தெரியுது பாரு. இவனை முதமுதல்ல கையில வாங்குனது உங்க அம்மாதான்” என்று பிள்ளைக்காக அவர்கள் சொல்ல, பிள்ளைகள் விக்கல் நின்று சிரித்தன. மணலூற்றில் பாதிப் பேரைத் தமயந்தி ஊசியால் குத்தியிருந்தாள், மீதிப் பேரைக் கையில் ஏந்தியிருந்தாள், எல்லாரிடமும் ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான் விசாரித்திருந்தாள்.

குணசேகரன் வரும்போது யாரும் சிரிக்கவில்லை. “மஸ்கட்னு சொன்னது நான்தான்” என்றார். “அவளுக்கு நர்சிங் படிக்க சீட்டு கிடைச்சுச்சு. உனக்கு அப்போ நடக்கத்தான் தெரியும். வாரா வாரம் வந்து பாத்துக்கிறேன்னுதான் சொல்லிட்டுப் போனா. வீட்டுல... பெரியவங்க ஒத்துக்கலை. துணியெல்லாம் அவ வாங்கித் தர்றதுதான். பஸ் ஸ்டாண்டுல வச்சுக் கொடுப்பா. நான் மஸ்கட்னு அட்டையில எழுதி ஒட்டிடுவேன்.”

“ஏன்ப்பா?”

“பயந்துட்டேன் தாயி. அண்ணனுக்குப் பயந்துட்டேன்.”

மிச்சம் இருந்தது ஒருத்தர்தான். பட்டு வேட்டியும் பட்டுத் துண்டுமாக உடையப்பன் தூணோரமாக நின்று, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, உடம்பு அதிர அதிர விக்கிக்கொண்டிருந்தார். “முகூர்த்தம் போகுது, தாலியைக் கட்டுங்கடா” என்று கத்தப் பார்த்தார். ‘முகூ’ மட்டும் வந்தது. ஐயர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தாலியை நீட்டினார். தேன்மொழி குனியவில்லை.

“அப்பா, நீங்க சொல்லுங்க. அப்புறம் நான் தலை குனியறேன்.”

“தேனு, ஹிக், மானத்தை வாங்காத.”

“எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லப்பா” என்று சொல்லி அவள் மணையில் சம்மணத்தை மாற்றி வசதியாக உட்கார்ந்தாள். மாப்பிள்ளையும், ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, தாலியை மடியில் வைத்துக்கொண்டு தானும் வசதியாக உட்கார்ந்தார். அந்தப் பையனை ஊருக்கு அப்போதே பிடித்துப்போனது.

உடையப்பன் சுபிக்ஷா முன்னால் வந்து நின்றார். நாற்காலி கொடுத்தார்கள், உட்காரவில்லை.

“படி தாண்டுனா திரும்பி வராதன்னு சொன்னது நான்தான். படிப்பு முடிஞ்சு, திருவிழா அன்னைக்கு வந்தா. பஸ் ஸ்டாண்டுல கூட்டம். கையில ஒரு பொம்மை வச்சிருந்தா. எல்லாருக்கும் முன்னால நான்தான் அவளை அடுத்த பஸ்ல ஏத்தி விட்டேன். யாரும் வாயைத் தெறக்கலை. தெறந்துருந்தா...” அவர் நிறுத்தினார். விக்கல் நிற்கவில்லை. இன்னும் இருக்கிறது என்று சுபிக்ஷாவுக்குத் தெரிந்தது, அவள் காத்திருந்தாள். “போன வருஷம் எனக்கு நெஞ்சு வலி வந்து திருக்கோளத்துல சேத்தாங்க. பக்கத்துலயே ஸ்டூலைப் போட்டு உக்காந்திருந்தா. நான் கண்ணை மூடிக்கிட்டுத் தூங்குற மாதிரியே கிடந்தேன். டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும் தூங்குற மாதிரியே கிடந்தேம்மா. அவளும் எழுப்பலை.”

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தபோது அவருக்கு விக்கல் நின்றிருந்தது. சுபிக்ஷா டேப்லெட்டைக் கீழே வைத்தாள்.

“இப்ப நம்பறேன் டீச்சர்” என்றாள் ஜெசிந்தாவிடம். “போலாமா?”

அதற்கு மேல் யாரும் யாரையும் கேட்கவில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்ற வேண்டிய வேனைத் திருக்கோளத்துக்குக் கிளப்பினார்கள், மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸில் மணலூற்றுக்காரர்கள் தொற்றினார்கள், நாதஸ்வரக்காரர் யாரும் சொல்லாமலே ஊதத் தொடங்கினார். மாலையும் கழுத்துமாகத் தேன்மொழி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள், மாப்பிள்ளை தாலியைப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், ஐயர் “அடுத்த முகூர்த்தம் மத்தியானம்கூட இருக்கு” என்று பஞ்சாங்கத்தைப் புரட்டியபடியே ஏறினார். ஊர்வலம் பஸ் ஸ்டாண்டு முக்கைத் திரும்பியபோது எதிரே திருக்கோளம் டவுன் பஸ் வந்து நின்றது. வழி அடைத்துக்கொண்டு எல்லா வண்டிகளும் நின்றன.

பஸ்ஸிலிருந்து வெள்ளைப் புடவையில் ஒரு நர்ஸ் இறங்கினாள். இறங்கும்போதே விக்கினாள். இதுவரைக்கும் மணலூற்று எல்லையைத் தாண்டி யாருக்கும் விக்கல் போனதில்லை, இன்றைக்குப் போயிருந்தது. காலையிலிருந்து கை குலுங்கி ஒருத்தருக்கும் ஊசி போட முடியாமல், “யாரோ நினைக்கிறாங்க சிஸ்டர்” என்று நோயாளிகள் சிரிக்க, “யாருன்னு எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, ஹெட் நர்ஸிடம் பர்மிஷன் வாங்கி அவள் பஸ் ஏறியிருந்தாள். இதையெல்லாம் பிறகு அவளே ஜெசிந்தாவிடம் சொன்னாள். அந்த நேரத்தில் ஜெசிந்தா பார்த்தது, ஊர் முழுக்க ஒரு பக்கமும் தமயந்தி ஒரு பக்கமுமாக நிற்க, நடுவில் வேனிலிருந்து குதித்து இறங்கிய ஒல்லிப் பெண்ணை மட்டும்தான்.

தமயந்தி உடையப்பனைப் பார்த்து ஒரு அடி பின்னால் வைத்தாள். உடையப்பன் வழியை விட்டு விலகி நின்று, கையில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

சுபிக்ஷா கிட்டே போனாள். ஒன்பது வகுப்பு படித்து அறிந்திருந்த எல்லாக் கேள்விகளும் அவள் முகத்தில் வரிசையாக வந்து போனதை ஜெசிந்தா பார்த்தாள். ஏன் போனாய், ஏன் வரவில்லை, யார் சொன்னது, எப்போது, எப்படி. கடைசியில் அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“எங்கம்மா இருக்க?”

“ஹிக்” என்றாள் தமயந்தி. மூச்சை இழுத்தாள். பிள்ளையின் தலைப்பூவைச் சரிசெய்ய நீண்ட கை அங்கேயே நின்றது.

“இங்கதான் இருக்கேன்” என்றாள்.

விக்கல் நின்றது. அப்புறம் நாதஸ்வரக்காரரை யாராலும் நிறுத்த முடியவில்லை. தேன்மொழி வேனிலிருந்து இறங்கி, இங்கேயே கட்டுங்கள் என்றாள். டீக்கடை பெஞ்சை மணையாக்கி, பஸ் ஸ்டாண்டு நடுவில், பஸ்ஸில் வந்தவர்களும் அட்சதை போட, டிரைவர் ஹாரன் அடிக்க, தாலி கட்டினார் மாப்பிள்ளை. சாப்பாட்டுப் பந்தி ரோட்டிலேயே விரிந்தது. உடையப்பன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து தமயந்தியின் இலையில் பாயசம் ஊற்றினார், போதும் என்று அவள் சொல்லும்வரை ஊற்றலாம் என்று நினைத்தார், அவள் சொல்லவில்லை, பாயசம் இலையைத் தாண்டி ஓடியது. “அண்ணே, இலை பத்தாது” என்று குணசேகரன் சொல்ல, தமயந்தி அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

மாலை ஷிஃப்ட்டுக்கு அவள் திரும்ப வேண்டியிருந்தது. சனி ஞாயிறு லீவு என்பதால் சுபிக்ஷாவும் கூடப் போகிறாள் என்று முடிவானது. மாற்றுத் துணியைக் குணசேகரன் ஓடிப்போய் எடுத்துவந்தார், எடுத்துவந்தவர் தனக்கும் ஒரு சட்டையை உள்ளே வைத்திருந்தார். பஸ் கிளம்பப் பார்த்தது. முடியவில்லை. ஒருத்தி முறுக்கை ஜன்னலில் திணித்தாள், ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள், சிக்கந்தர் சால்னா பொட்டலத்தோடு மூச்சிரைக்க வந்தார், டெய்லர் எதற்கென்று தெரியாமல் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஜெசிந்தாவைப் பார்த்தார். “என்ன டீச்சர், நீங்களாவது சொல்லக் கூடாதா? டைம் ஆகுது.”

ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்தாள். அம்மாவும் மகளும் ஒரே முறுக்கை இரண்டாக ஒடித்துக்கொண்டிருந்தார்கள்.

“டைம் ஆச்சுன்னு நீங்க ஒரு ஆள்தானே சொல்றீங்க. இன்னும் ரெண்டு பேர் சொல்லிட்டா போயிடலாம்ண்ணே” என்று சொல்லிவிட்டு, அவளும் படியில் ஏறி உள்ளே போனாள்.